ஆட்சியும் ஆவணமும்

ஒரு பொருள் தனக்கே உரியதென்று வழக்குரைப்போன் அதனை மூன்று நெறிகளுள் ஒன்றால் நிறுவுதல் வேண்டும் என்பது பழந்தமிழர் மன்றங்களின் முறை. ஆட்சி, ஆவணம், காட்சி என்பன அம்மூன்று. பொருளைத் தன் கைக்கொண்டு ஆண்டு வருதல் ஆட்சி. எழுத்தால் அமைந்த சான்று ஆவணம். அயலார் கண்டு கூறும் சான்று காட்சி. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இம்மூன்றும் ஒருங்கே பேசப்படுகின்றன. சுந்தரரின் மணப்பந்தரில் முதியவர் ஒருவர் தோன்றி, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று கூறி ஓலையொன்றைக் காட்டுகின்றார். சுந்தரர் வெகுண்டு அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். முதியவரோ கலங்கினாரல்லர். கிழிந்தது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கின்றது என்கின்றார். அவ்வூர் அவையோர் மூலவோலையை வாங்கிப் படித்து, அதிலுள்ள எழுத்தைப் பாட்டனாரின் பிறிதோர் எழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர்.

இக்கதையை மாணாக்கர்க்குப் பலகாற் கற்பித்திருக்கின்றேன். அண்மைக்காலமாக அதனைக் கற்பிக்குந்தோறும் என் நினைவுக்கு வருவன எங்கள் சாய்ந்தமருதுத் தெருக்களில் ஓடும் மோட்டார் சைக்கிள்களே. பெரியபுராணத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் யாது தொடர்பு என்று வாசகர் நகைக்கக்கூடும். தொடர்பு உண்டு. நம் பகுதியிற் கைமாறி வந்த பழைய மோட்டார் சைக்கிள்களிற் பல, ஆட்சியால் ஒருவருக்கும் ஆவணத்தால் இன்னொருவருக்கும் உரியனவாய் இருக்கின்றன. ஏறி ஓட்டுபவர் நம் கடற்கரை வீதியில் இருக்கின்றார். பதிவேட்டிற் பெயருடையவர் குருநாகலிலோ, கம்பஹாவிலோ, காலியிலோ இருக்கின்றார். இவரை அவர் அறியார். அவரை இவர் அறியார்.

ஆவணம் என்னுஞ் சொல்லின் பொருளையும் ஈண்டுச் சிறிது நோக்குதல் தகும். சங்க நூல்களில் அது கடைத்தெருவைக் குறிக்கும். பின்னர் அதுவே உரிமைப் பத்திரத்தையும், உரிமை என்னும் பொருளையுங் குறித்து நின்றது. சொல்லாராய்ச்சியாளர் இவற்றை ஒரு வேரினவாகக் கொள்ளினும் கொள்ளாவிடினும், வாங்கும் இடமும், வாங்கியதற்குச் சான்றும், வாங்கியதனால் வரும் உரிமையும் ஒரே சொல்லுள் அடங்கி நிற்றல் கருதத்தக்கது. கடைத்தெருவிற் காசு கொடுத்ததோடு உரிமை வந்துவிட்டதென்று எண்ணுவோர் அச்சொல்லின் ஒரு பாதியை மட்டுமே கற்றவராவர்.

கிழக்குக் கரையோரத்தில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. விடியற்காலையில் மீன்பெட்டியைப் பின்னே கட்டிக்கொண்டு ஊரூராய்ச் செல்லும் வியாபாரிக்கும், வட்டைக்குப் போகும் வெள்ளாண்மைக்காரருக்கும், தூரத்துப் பாடசாலையிற் கற்பிக்கும் ஆசிரியருக்கும், மருதமுனையில் நெய்த துணியைக் கடைகடையாய்க் கொண்டு சேர்ப்பவருக்கும் அதுவே காலும் கையும். இலங்கையிற் பதிவாகியுள்ள வாகனங்களுட் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ருவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்தாண்டிலும் புதிய வண்டிக்கு வழியில்லாதார் அனைவரும் பழைய வண்டியையே நாடினர். விலை ஏறியது. உள்ளூரிற் கிடையாதவற்றைத் தரகர்கள் மேல் மாகாணத்திலிருந்தும் வடமேல் மாகாணத்திலிருந்தும் கொண்டுவந்து விற்றனர். பிற மாகாண வண்டிகள் நம் தெருக்களில் இத்துணைப் பெருகியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அவ்வாறு வரும் வண்டிகளிற் பலவற்றோடு வருவது ‘ஓப்பன் பேப்பர்’ என்று மக்கள் வழங்கும் ஒன்று. உரிமை மாற்றத்துக்கான படிவத்தில் விற்பவர் கையொப்பம் மட்டும் இட்டிருப்பார். வாங்குபவர் பெயர் இராது, தேதி இராது, விலையும் இராது. அந்த வெற்றுப் படிவமும் பதிவுப் புத்தகமும் ஓர் உறையில் இடப்பட்டு, கைக்குக் கை மாறிச் செல்லும். “தம்பி, புக் கையில இருக்கு, ஓப்பன் பேப்பரும் இருக்கு. எப்ப வேணுமெண்டாலும் உங்கட பேருக்கு மாத்திக்கலாம்” என்று தரகர் சொல்வார். “சரி காக்கா” என்று வாங்குபவரும் தலையசைப்பார். அந்த ‘எப்ப வேணுமெண்டாலும்’ என்பது பெரும்பாலும் ஒருபோதும் வருவதில்லை. ஓராண்டு ஓட்டியபின் அவரும் அதே உறையோடு வேறொருவருக்கு விற்றுவிடுவார். இவ்வாறு நால்வர் கை மாறிய வண்டியும் பதிவேட்டில் முதலாமவர் பெயரிலேயே கிடக்கும்.

இம்முறை ஏன் வேரூன்றியது? காரணங்கள் பல. வாங்கி விற்கும் வியாபாரி தன் பெயருக்கு ஒருமுறை மாற்றி, பின்னர் வாங்குபவர் பெயருக்கு மீண்டும் ஒருமுறை மாற்றினால் இருமுறை கட்டணம் இறுக்க வேண்டும். தன் கைக்கு வந்ததற்குத் தடமும் இருக்கும். அவ்விரண்டையும் அவன் விரும்பான். வாங்குபவருக்கோ தூரமும் செலவும் அச்சமும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமைக் காரியாலயம் நாரஹேன்பிட்டியில் இருக்கின்றது. சாய்ந்தமருதிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். இரவு பஸ்ஸில் ஏறி, விடியலில் இறங்கி, வரிசையில் நின்று, ஒரு தாள் குறைந்ததென்று திரும்பி வருவதை எண்ணுங்கால் அன்றாடக் கூலிக்காரன் தயங்குவது இயல்பே. அந்தத் தயக்கத்தை நான் பழிக்க மாட்டேன். ஆயின் அத்தயக்கத்தின் விலையை அவன் அறியவில்லை என்பதே என் கவலை.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், வண்டி கைமாறியதும் விற்றவர் அதனை ஆணையாளருக்கு அறிவித்தல் வேண்டும் என்றும், வாங்கியவர் தம்மை உரிமையாளராகப் பதிவு செய்யுமாறு விண்ணப்பித்தல் வேண்டும் என்றும் இருவர்மீதும் கடமை விதிக்கின்றது. இதற்கு 14 நாள் தவணை என்பது திணைக்களம் காலந்தோறும் நினைவூட்டும் செய்தி. கடமை இருவருக்கும் உரியது என்பதைக் கருதுக. வாங்கியவன் மாற்றிக்கொள்ளட்டும் என்று விற்றவன் இருத்தலும், விற்றவன்தானே சிக்குவான் என்று வாங்கியவன் இருத்தலும் ஒருங்கே பிழையாகும்.

பிற மாகாண வண்டி என்றவுடன் நம்மவர் முதலில் நோக்குவது இலக்கத் தகட்டையே. அத்தகட்டின் வரலாற்றை அறிந்தோர்க்கு ஒரு பெருவியப்பு அதில் உண்டு. 1956 வரை இந்நாட்டுத் தகடுகளில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1957 சனவரி முதல் புதிய வாகனங்களிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இடம்பெற்றது. தமிழ் பேசும் மக்கள் அவ்வோர் எழுத்தைத் தம்மொழியின் புறக்கணிப்புக்கு அடையாளமாகக் கொண்டனர். தமிழரசுக் கட்சி அதற்கெதிராக இயக்கம் நடத்தியது. தமிழ் எழுத்துப் பொறித்த தகடுகளோடு தலைவர்கள் வண்டி செலுத்தினர். 1957 சூலையிற் பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கை எழுதப்பட்டபோது இயக்கம் தணிந்தது. 1958 இல் ‘ஸ்ரீ’ பொறித்த பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஏப்பிரலில் உடன்படிக்கை கைவிடப்பட்டது; மே மாதத்திற் கலவரம் வெடித்தது. பின்னர் எழுத்து நீங்கி வெறும் இலக்கங்கள் வந்தன. 2000 ஆம் ஆண்டளவில் மீண்டும் ஆங்கில எழுத்துகள் வந்தன; அவற்றோடு கிழக்குக்கு ‘ஈ.பி.’, மேற்குக்கு ‘டபிள்யூ.பி.’ என மாகாணக் குறியீடும் வந்தது. 2023 சனவரி முதல் புதிய தகடுகளில் அக்குறியீடும் இல்லை.

தகட்டிலுள்ள ஓர் எழுத்துக்காக ஒரு தலைமுறை சிறை புகவும் துணிந்தது. அத்தலைமுறையின் மக்களும் பேரர்களுமாகிய நாம், பதிவேட்டில் யார் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது என்பதை ஒருகாலும் வாசியாமலே வண்டி ஓட்டுகின்றோம். எழுத்தின் மதிப்பை அவர்கள் மிகையாக அறிந்தார்கள் என்று கொண்டாலும், நாம் மிகக் குறைவாக அறிந்திருக்கின்றோம் என்பதை மறுத்தல் இயலாது.

மாகாண எழுத்து நீங்கியது குறித்தும் ஒரு மயக்கம் நிலவுகின்றது. ‘இனி எந்த மாகாண வண்டியும் ஒன்றுதான், மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை’ என்று சிலர் கூறக் கேட்டிருக்கின்றேன். தகட்டின் எழுத்து வேறு. உரிமையாளர் பதிவு வேறு. ஆண்டுதோறும் பெறும் வருமான அனுமதிப்பத்திரம் வேறு. பதிவு நாடு முழுமைக்கும் பொதுவான திணைக்களத்துக்கு உரியது. வருமான அனுமதிப்பத்திரக் கட்டணமோ, 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாந் திருத்தத்தின்படி மாகாண சபைகளுக்கு உரியது; அதனைப் பிரதேச செயலகத்திற் பெறுகின்றோம். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதிப் பத்திரமும் இருந்தால் அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். அது கிடைத்துவிட்டமையாலேயே உரிமை தன்னதென்று வாங்கியவர் எண்ணிவிடுகின்றார். அனுமதிப்பத்திரம் வரி இறுத்தமைக்குச் சான்றேயன்றி, உரிமைக்குச் சான்றாகாது.

இனி, இந்த வெற்றுப் படிவத்தால் யார்க்கு என்ன இடர் என்பதைக் காண்போம்.

முதற்கண் விற்றவரின் நிலை. வண்டி அவர் கண்ணுக்கு மறைந்துவிட்டது. ஆயின் சட்டத்தின் கண்ணுக்கு அவர் மறையவில்லை. அவ்வண்டி யாரையேனும் மோதிவிட்டு ஓடினாலும், அதிற் கடத்தற்பொருள் ஏற்றப்பட்டாலும், பொலிஸார் முதலிற் கதவைத் தட்டுவது பதிவேட்டிற் பெயருடையவர் வீட்டையே. 2024 சனவரி முதல் கொழும்பில் வீதிக் கண்காணிப்புக் கமராக்களின் வழியே போக்குவரத்துக் குற்றங்கள் பதிவு செய்யப்படுகின்றன. அறிவித்தல் செல்வது பதிவுபெற்ற உரிமையாளரின் முகவரிக்கே. அயல்நாடாகிய இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2018 பெப்ருவரியில் வழங்கிய தீர்ப்பொன்று இதனை நன்கு விளக்கும். 2007 இல் விற்கப்பட்ட வண்டியொன்று பலர் கைமாறி, 2009 இல் உயிர்ச்சேதம் விளைத்தது. பதிவிலோ முதலாமவர் பெயரே நின்றது. விபத்தில் இறந்தவரின் குடும்பம் நட்டஈட்டுக்காக வண்டியின் விற்பனைச் சங்கிலியைப் பின்தொடர்ந்து அலைய வேண்டியதில்லை. பதிவிற் பெயருடையவரே பொறுப்பாளி என்று அம்மன்று தீர்த்தது. அத்தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அதன் நியாயம் எந்நாட்டார்க்கும் விளங்கும். தெருவில் அடிபட்டுக் கிடப்பவனுக்குத் தெரிவது தகட்டிலுள்ள இலக்கம் ஒன்றே. தரகனின் உறையுள் இருப்பது அவனுக்குத் தெரியாது.

வாங்கியவரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பதிவுச் சான்றிதழில் ‘முழு உரிமையாளர்’ என்று நிதி நிறுவனமொன்றின் பெயர் இருக்குமாயின், லீசிங் கடன் தீரவில்லை என்பது பொருள். கடன் தீராத வண்டியை நிறுவனத்தார் வந்து கொண்டுசென்றால், காசு கொடுத்தவர் காட்டுவதற்கு ஒரு வெற்றுத் தாளே மிஞ்சும். வண்டி களவு போனால் அது தன் வண்டியென்று முறைப்பாடு செய்யவும் இடர். விபத்தில் அழிந்தால் காப்புறுதி கோரவும் இடர். 2022 சூலையில் எரிபொருள் நெருக்கடியின்போது தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தது நினைவிருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். அதற்குப் பதிவு செய்ய வண்டி இலக்கத்தோடு சசி இலக்கமும் வேண்டியிருந்தது. புத்தகம் கையில் இல்லாதவர்களும், புத்தகத்துக்கும் வண்டிக்கும் பொருத்தம் பாராமல் வாங்கியவர்களும் அன்றுதான் தம் வண்டியின் வரலாற்றை முதன்முதலாய்த் தேடினர்.

இவை அனைத்தினும் பெரிய இடர் ஒன்றுண்டு. அது மரணம். என் பழைய மாணாக்கர் ஒருவர், மேசன் தொழில் செய்பவர், சில ஆண்டுகளுக்கு முன் பிற மாகாண மோட்டார் சைக்கிளொன்றைத் தரகர் வழியே வாங்கினார். ஓப்பன் பேப்பரும் புத்தகமும் இருந்தன. தம் பெயருக்கு மாற்றத் துணிந்தபோது, பதிவிலுள்ளவர் இறந்து இரண்டாண்டு கழிந்துவிட்டதை அறிந்தார். தரகரிடம் சென்றார். “அந்தாள் உயிரோட இருந்த ஒரு திகதியப் போட்டு நிரப்புங்க, யார் கேக்கப் போறாங்க” என்பதே அங்கே கிடைத்த ஆலோசனை. அவர் படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “சேர், மௌத்தான மனிசன்ட கையெழுத்துக்கு மேல நான் திகதி போடலாமா?” என்று கேட்டார். கூலி வேலை செய்யும் அம்மனிதர் கேட்ட கேள்வியை, கற்றவர் பலர் கேட்பதில்லை. போடலாகாது என்றேன். அவரும் அந்த விடையை எதிர்பார்த்தே வந்திருந்தார்.

குருநாகல் மாவட்டத்துச் சிற்றூரொன்றில் இருந்தது அந்த வீடு. எங்கள் பாடசாலைச் சிங்கள ஆசிரியை எழுதிக்கொடுத்த கடிதத்தோடு அவர் சென்றார். இறந்தவரின் மனைவி அக்கடிதத்தைப் படித்துவிட்டு, உள்ளே சென்று பெட்டியொன்றிலிருந்து வேறொரு கடிதத்தை எடுத்து வந்தாராம். கணவரின் பெயருக்குப் பொலிஸிலிருந்து வந்த கடிதம் அது. இடையில் வண்டியை வைத்திருந்த எவரோ செய்த குற்றம் பற்றியது. கணவர் எதுவும் செய்திருக்க மாட்டார் என்று நம்பியும், யாரிடங் கேட்பதென்று தெரியாமல் அஞ்சியும், அதனை அவர் இரண்டாண்டாய்ப் பொதிந்து வைத்திருந்தார். தம் கணவரின் நற்பெயரைத் துடைக்க ஒருவர் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வந்திருக்கின்றார் என்றே அவ்வம்மையார் கொண்டார் போலும். சோறு போட்டு அனுப்பினாராம். மரணச் சான்றிதழ், வாரிசுகளின் ஒப்புதல், சத்தியக் கடதாசி என்று மாதங்கள் பல கழிந்தன. எத்தனை நாட்கூலியை அவர் இழந்தார் என்பதை நான் கணக்கிடவில்லை. இன்று வண்டி அவர் பெயரில் இருக்கின்றது.

இந்நிகழ்ச்சியை நான் எடுத்துரைப்பது அவரைப் புகழ்வதற்காக மட்டுமன்று. வெற்றுப் படிவம் என்பது விற்றவனையும் வாங்கியவனையும் மட்டும் பிணிப்பதன்று. வண்டியைக் கண்ணாலும் பாராத ஒரு கைம்பெண்ணின் உறக்கத்தையும் கெடுக்க வல்லது என்பதற்காகவே.

நம்மூரார்க்கு எழுத்தின் கடமை புதிதன்று. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகறா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம். அது தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும், எழுதுபவனின் நேர்மையையும், சாட்சிகளையும் பற்றியது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். தொழுகைக்கு வரும் மோட்டார் சைக்கிளின் புத்தகத்தில் யார் பெயர் இருக்கின்றது என்று நம்முட் பலர் வினவாதிருத்தல், அறிந்ததற்கும் ஒழுகுவதற்கும் இடையேயுள்ள தூரத்தைக் காட்டும்.

பிழை மக்கள்மீது மட்டுமா என்று கேட்டால், இல்லை என்பேன். தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழியாக 1987 இல் அரசமைப்பில் ஏறியது. 1988 இன் பதினாறாந் திருத்தம் நிர்வாகத்திலும் அதன் இடத்தை வரையறுத்தது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. அவ்வாறிருந்தும், தமிழ் பேசுவோன் காரியாலயப் பலகணியின் முன் நின்று தன் மொழியில் விளக்கம் பெறுதல் இன்னும் எளிதாகவில்லை. விளங்காத மொழியிற் படிவத்தைக் கண்டவன், விளங்கிய மொழியிற் பேசும் தரகனை நம்புகின்றான். தரகனுக்கு வாழ்வளிப்பது மக்களின் சோம்பல் மட்டுமன்று. மக்களுக்குப் புரியும் மொழியில் ஒரு தாளை விளக்க ஆளில்லாமையும் ஆகும். உரிமை மாற்றத்தை முற்றுமுழுதாகத் தன்னூர்ப் பிரதேச செயலகத்திலேயே, தன் மொழியிலேயே ஒருவன் முடித்துக்கொள்ளக் கூடுமாயின், ஓப்பன் பேப்பருக்கு உள்ள கவர்ச்சியிற் பெரும்பகுதி மறைந்துவிடும். இதனைக் கேட்பது சலுகை கேட்பதன்று. சட்டம் விதித்த கடமையை மக்கள் செய்தற்கு வழி கேட்பதாகும்.

இந்தியாவில் மாநிலங் கடந்து வண்டி வாங்குவோர் படும் பாடு நம்மதினும் பெரிது. விற்பவரின் மாநிலத்துப் பதிவு அதிகாரியிடமிருந்து தடையில்லாச் சான்று பெறுதல் வேண்டும். புதிய மாநிலத்திற் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருப்பின் புதிய இலக்கம் பெறுதல் வேண்டும். புதிய மாநிலத்தின் வரியையும் இறுத்தல் வேண்டும். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இவற்றை விதிக்கின்றது. பணி மாற்றத்தால் அடிக்கடி மாநிலம் மாறுவோரின் இடர் நோக்கி, 2021 இல் நாடு முழுமைக்கும் செல்லுபடியாகும் ‘பாரத்’ வரிசை இலக்கமொன்றை அந்நாட்டரசு கொண்டுவந்தது. நம் நாடு சிறியது; பதிவேடு ஒன்றே; மாகாணங் கடந்தால் இலக்கம் மாறுவதுமில்லை. ஆகவே நாம் கடக்க வேண்டிய ஆறு அவர்களுடையதினும் குறுகியதே. குறுகிய ஆற்றையும் கடக்காது கரையிற் குந்தியிருத்தல் அழகன்று.

வாங்க எண்ணும் இளைஞர்க்குச் சில சொல்லுதல் என் கடமை. புத்தகத்தின் போட்டோப் பிரதியைக் கண்டு காசு கொடுக்கற்க. கிழித்தால் முடிந்துபோகும் படியோலை அது. மூலப் புத்தகத்தைக் கையிலெடுத்து, அதிலுள்ள சசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வண்டியிற் பொறித்துள்ளவற்றோடு ஓரெழுத்தும் விடாமல் ஒப்பிடுக. முழு உரிமையாளர் பகுதியில் நிறுவனப் பெயருண்டா என்று நோக்குக. உண்டெனின் கடன் தீர்ந்தமைக்கான கடிதமின்றி ஓரடியும் எடுத்து வைக்கற்க. பதிவிற் பெயருடையவரை நேரிற் காண்க. தரகர் கூறுவது காட்சியுமன்று, ஆவணமுமன்று. அவருடைய அடையாள அட்டையின் பிரதியோடு, தேதியும் விலையும் எழுதிய பற்றுச்சீட்டையும் பெறுக. படிவத்தின் எல்லா இடங்களையும் அவர் முன்னிலையிலேயே நிரப்புக. மாற்றக் கட்டணத்தையும் பயணச் செலவையும் வண்டியின் விலையோடு முதலிலேயே சேர்த்துக் கணக்கிடுக. அவ்வளவுக்குக் கையிற் காசில்லையெனின், அந்த வண்டி நமக்கு ஆகாத விலையுடையது என்று கொள்க.

விற்போரும் கேட்பாராக. கையொப்பமிட்ட வெற்றுத் தாளைக் கொடுப்பவன் தன் பெயரையே பிறனுக்கு இரவல் கொடுக்கின்றான். வண்டியைத் திருப்பிக் கேட்கலாம்; அப்பெயரால் ஊர் பேர் தெரியாதவர்கள் செய்தவற்றைத் திருப்ப இயலாது. விற்ற அன்றே திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டால், அறிவித்தமைக்குச் சான்றேனும் கையில் நிற்கும்.

‘இத்தனை காலம் இப்படியே ஓடிவிட்டது, இனி என்ன வரப்போகின்றது’ என்று கூறுவோர்க்கு ஒன்று நினைவூட்டுவேன். 2004 திசெம்பர் 26 ஆந் தேதி கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரவருக்கு மேல் மாண்டனர். எஞ்சியோரின் பெட்டகங்களிலிருந்த உறுதிகளும், பிறப்புச் சான்றிதழ்களும், புத்தகங்களும் நீரோடு போயின. காரியாலயப் பதிவேடுகளில் யார் யார் பெயர் எழுதப்பட்டிருந்ததோ, அவரெல்லாம் பின்னர்ச் சென்று பிரதி கேட்க ஓரிடம் இருந்தது. உறையில் மட்டும் உரிமையை வைத்திருந்தவனுக்கோ, உறை போனதோடு கேட்பதற்கு இடமும் போயிற்று. கடலோரத்தில் வாழ்பவன் தன் உரிமையைக் கடல் எட்டாத ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும். ஆட்சி கைப்பிடியில் இருப்பது. கை தளர்ந்தால் அது நழுவும். ஆவணமோ கை தளர்ந்த பின்னும் நிற்பது.